முக்கால் இன்ஜினியருக்குத் திண்ணைப் பாடம்

வாங்க இன்ஜினியர் சார், வாங்க. இப்படித் திண்ணையில ஒக்காருங்க. கோவிச்சுக்காதேப்பு. முழு இன்ஜினியர்னு சொன்னா உன் காலேஜ்காரன் ஒத்துக்கமாட்டான்; இன்ஜினியரே இல்லைன்னு சொன்னா உங்கப்பத்தா என் சோத்துத் தட்டை நகட்டி வச்சுரும். டிப்ளமா கையில இருக்கு, பகல்ல பட்டறையில வேலை, சாயங்காலம் காரைக்குடி அழகப்பச் செட்டியார் இன்ஜினியரிங் காலேஜ்ல பகுதிநேர பி.இ., அதுலயும் பாதி தாண்டியாச்சு. நம்ம வீட்டுக் கௌரவத்துக்காகக் கொஞ்சம் தாராளமாக் கூட்டிப் போட்டு, முக்கால் இன்ஜினியர்னு வச்சுக்குவோம்.

முந்தாநேத்து ராத்திரி நீ பண்ணின கூத்து உனக்குத் தெரியாது. சோத்தைப் பெசைஞ்ச கையோட, செவுத்துல சாஞ்சபடியே தூங்கிட்டே. தூக்கத்துல "பாயிண்ட் நாட் டூ, பாயிண்ட் நாட் டூ"ன்னு ஒரே முனகல். பிள்ளைக்கு என்னமோ புடிச்சுருச்சுன்னு உங்கப்பத்தா விபூதியைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துருச்சு. "பேயி இல்லடி, இது டாலரன்ஸு. கருப்பருக்கே அடங்காது"ன்னு சொல்லி நான்தான் படுக்க வச்சேன்.

ரெண்டு பக்கமும் இழுக்குறாங்க அய்யான்னு புலம்புறியே, அதைக் கொஞ்சம் விளக்கமாத்தான் கேப்போம். அஞ்சு மணிக்குப் பட்டறையை விட்டுக் கெளம்பினா ஃபோர்மேன் மூஞ்சியைத் தூக்குறாரு. லேட்டா வகுப்புக்குள்ள நுழைஞ்சா வாத்தியார் கடியாரத்தைப் பாக்குறாரு. சரி. ஃபோர்மேன்கிட்ட என்ன சொல்லிட்டுக் கெளம்புறே? "வீட்ல ஒரு வேலை சார்." வாத்தியார்கிட்ட என்ன சொல்றே? "பஸ் லேட்டு சார்." நீ போறதோ பைக்குல! படிக்கிறதுக்கு ஆட்சேபணை இல்லைன்னு உங்க ஆபீஸ்ல குடுத்த சீட்டு எங்கேயோ ஒரு ஃபைலுக்குள்ள தூங்குது. அது ஃபோர்மேன் காதுக்கு வரலை, நீயும் கொண்டு போகலை. ரெண்டு பொண்டாட்டிக்காரன்கூட இம்புட்டுப் பொய் சொல்லமாட்டான்டா. நேரம் பத்தலைன்னு நீ சொல்றதுல பாதியைத்தான் நான் நம்புறேன். மீதிப் பாதி இந்தக் கண்ணாமூச்சியில போகுது.

வேலையும் படிப்பும் ஒண்ணா சொமக்குற பாவம் உலகத்துலயே உனக்குத்தான் வந்துருக்குன்னு வேற நெனைப்பு. நான் காவல் பாக்குற இந்தச் செட்டியார் வீட்டு ரெண்டாம் கட்டுல ஒரு அறையைத் தொறந்து காட்டவா? அதுல சாய்வு மூடி போட்ட கைப்பெட்டி ஒண்ணு கெடக்கு. பர்மாத் தேக்கு. மூடியோட வலது ஓரத்துல மை சிந்திச் சிந்தி, எம்புட்டுத் தொடைச்சும் போகாத கறை. இடது ஓரம் முழங்கை பட்டுப் பட்டே வழவழன்னு ஆயிருச்சு. அப்படி ஒரு பெட்டிக்குப் பக்கத்துல ஒக்காந்தவந்தான் பெட்டியடிப் பையன். ரங்கூன்லயோ பினாங்குலயோ கொழும்புலயோ நகரத்தார் வட்டிக்கடையில வேலைக்குச் சேர்றவனுக்கு முதல் படி அது. மீசை மொளைக்காத வயசு. கடையைக் கூட்டணும், மைக்கூட்டை நெரப்பணும், கடுதாசியைக் கொண்டு போய்க் குடுத்துட்டு வரணும், பெரியவங்க சொல்லச் சொல்ல எழுதணும், கூட்டிப் பாக்கணும், தப்பாயிருந்தா குட்டு வாங்கணும்.

அவனுக்குக் காலேஜ் எங்கேன்னு கேக்குறியா? அவன் ஒக்காந்திருந்த பாயிதான் காலேஜ். ஊர்லயே வாய்ப்பாட்டை மண்டையில ஏத்தித்தான் கப்பல்ல அனுப்புவாங்க. உனக்கு அரை, கால், அரைக்கால் தெரியும். அதுக்குக் கீழ? மாகாணி 16-ல ஒண்ணு, மா 20-ல ஒண்ணு, காணி 80-ல ஒண்ணு, முந்திரி 320-ல ஒண்ணு. இதுகளை வச்சுக்கிட்டு, இத்தனை ரூபாய்க்கு இத்தனை நாளைக்கு வட்டி எவ்வளவுன்னு மனசுலயே போட்டுச் சொல்லணும். நீ போனைத் தொடாம பதினேழை எட்டால பெருக்கு, பாப்போம். வேணாம், விடு, உங்கப்பத்தா பாக்குது.

பெட்டியடிக்கு மேல அடுத்தாள், அதுக்கும் மேல கடையையே நடத்துற ஏஜெண்டு. மூணு வருஷம் ஒரு கணக்கு. கணக்கு முடிஞ்சா ஊருக்கு வந்து தலையைக் காட்டிட்டு மறுபடி கப்பல். 1930 வாக்குல பர்மாவுல மட்டும் 1,600-க்கு மேல செட்டியார் கடைக இருந்துச்சுன்னு வெள்ளைக்காரன் வச்ச வங்கி விசாரணைக் கமிட்டியே எழுதி வச்சுருக்கு. அத்தனை கடைக்கும் ஆளு எந்தப் பல்கலைக்கழகத்துல இருந்து போனான்?

அவன் சொகமா இருந்தான்னு சொல்ல வரலைப்பு. ஆத்தாளை நெனைச்சு ராத்திரியில அழுதவனும் இருப்பான், சம்பளத்தைக் கேட்டா நீயே சிரிப்பே. அந்த வயசுப் பிள்ளையை இன்னைக்குக் கடையில ஒக்கார வச்சா சர்க்கார் நம்மளை உள்ள ஒக்கார வச்சுரும், அது நியாயமும்தான். ஆனா அந்தப் பொடியன் விஷயத்துல எல்லாருக்கும் ஒரு தெளிவு இருந்துச்சு. இவன் கத்துக்க வந்தவன்னு முதலாளிக்குத் தெரியும். இந்தக் கணக்கு முடியறப்ப தான் எங்க நிக்கணும்னு இவனுக்குத் தெரியும். யாரும் யார்கிட்டயும் பஸ் லேட்டுன்னு சொல்லலை.

உன் காலேஜைக் கொண்டாந்தவரையே எடுத்துக்கோ. கோட்டையூர் அழகப்பச் செட்டியார். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போனவரு அங்க சார்ட்டர்ட் பேங்க்ல பயிற்சியும் எடுத்தாரு. அது பத்தாதுன்னு விமானம் ஓட்டவும் கத்துக்கிட்டாரு. அப்படிப்பட்ட மனுஷன் பேருல 1952-ல இருந்து நடக்குற காலேஜ்ல ஒக்காந்துக்கிட்டு நீ, "ஹீட் ட்ரான்ஸ்ஃபரும் வேலையும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலை"ங்கிறே. எங்கிட்ட சொன்னது சரி. அவரு படத்துக்கு முன்னாடி நின்னு சொல்லிறாதே.

நம்ம பக்கம் மட்டும் இல்லை. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டெக்ல சாண்ட்விச் பி.இ.ன்னு அஞ்சு வருஷத்துக்கு வச்சு, படிப்புக்கு ஊடால தொழிற்சாலைப் பயிற்சியும் குடுக்குறாங்க. ஜெர்மனிக்காரன் இன்னும் கறாரு. ஸ்டுட்கார்ட்ல பாஷ், டெய்ம்லர் பென்ஸ் மாதிரிக் கம்பெனிக 1970-கள்ல ஆரம்பிச்சு வச்ச வழக்கம் அது: மூணு மாசம் பாடம், மூணு மாசம் பட்டறை, மாத்தி மாத்தி. பையன் இந்த மாசம் எங்க இருக்கான்னு ரெண்டு பக்கத்துக்கும் தெரியும். இங்கிலாந்துல 2015-ல இருந்து டிகிரி அப்ரண்டீஸ்னு ஒண்ணு ஓடுது. சம்பளமும் உண்டு, பட்டமும் உண்டு, பீஸு பையன் தலையில கெடையாது. வேலை நேரத்துலயே வாரத்துக்குக் கொறைஞ்சது 6 மணி நேரம் கத்துக்கிறதுக்கு ஒதுக்கணும்னு 2022-ல விதியே போட்டான். ஆறு மணி நேரம்டா! நீ ஆறு நிமிஷம் முன்னாடி கார்டு தேய்க்கணும்னா மாமியார் சாகணும். உனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை.

நம்ம சர்க்காரும் சும்மா இல்லை. தாசில்தார் ஆபீஸ் வாசல்ல மனு எழுதியே பாதி ஆயுசைக் கழிச்சவன் நானு, சட்டத்து வாசனை இன்னும் மூக்குல இருக்கு. அப்ரண்டீஸ் சட்டம் 1961-லயே வந்துருச்சு. 1973-ல திருத்தி, பட்டம், டிப்ளமா முடிச்ச இன்ஜினியரிங் பிள்ளைகளையும் அதுக்குள்ள கொண்டாந்தாங்க. பட்டதாரி அப்ரண்டீஸுக்கு மாசம் கொறைஞ்சது 9,000 ரூபான்னு 2019-ல வச்சு, அதுல பாதியை மத்திய அரசு ஏத்துக்கிச்சு. நீ அந்தச் சட்டத்துக்குக் கீழ வர்ற ஆளு இல்லை, மாசச் சம்பளக்காரன். ஆனா உன் பக்கத்து லேத்துல நிக்கிற பையன் வர்றான்ல, அவன் காதுல போட்டு வை. 15-வது பிரிவு. அப்ரண்டீஸைக் கூடுதல் நேரம் நிறுத்தி வேலை வாங்கணும்னா அதுக்குன்னு இருக்குற ஆலோசகரோட அனுமதி வேணும். அவரும் பையனோட பயிற்சிக்கோ பொது நன்மைக்கோ ஒதவும்னு பட்டாத்தான் அனுமதி குடுக்கணும். ராத்திரி ஏழு மணிக்கு "இந்த லாட்டை முடிச்சுட்டுப் போடா"ங்கிறதுல என்ன பொது நன்மை இருக்குன்னு வாய்விட்டுக் கேக்கச் சொல்லாதே. கேட்டா மறுநாள் வெளக்குமாறு கைக்கு வந்துரும். "சரிங்க சார், இதை மட்டும் பதிவேட்டுல எழுதிருங்க சார்"னு பணிவாச் சொல்லச் சொல்லு. பேனாவை எடுக்கச் சொன்னா அதிகாரியில பாதிப் பேரு வீட்டுக்குப் போகச் சொல்லிருவான்.

சரி, அன்னைக்குப் பட்டறையில அந்தப் பாயிண்ட் நாட் டூவுக்காக நீ வாங்கின திட்டுக்கு வருவோம். அதுலதான் உன் மருந்து இருக்கு.

100 மில்லிமீட்டர் விட்டத்துல ஒரு ஃபிளான்ஜ் கடையச் சொன்னாங்க. அளவுல 0.02 மில்லிமீட்டருக்கு மேல கொறையக்கூடாது. கடைஞ்சு முடிச்சதும் சக்குல இருக்கும்போதே மைக்ரோமீட்டரை வச்சே. நூறு, அச்சு அசலா நூறு. மீசையை முறுக்கிக்கிட்டு அனுப்பிட்டே. மறுநாள் ஏ.சி. ரூமுக்குள்ள குவாலிட்டிக்காரன் அளந்தான். கம்மி. மூலையில தூக்கிப் போட்டுட்டான். "சூட்டோட அளக்காதேன்னு எத்தனை தடவைடா சொல்றது"ன்னு ஃபோர்மேன் கிழிச்சாரு. அதே வாரம் சாயங்கால வகுப்புல வாத்தியார் போர்டுல என்ன எழுதினாரு? சூடு ஏறினா உலோகம் எம்புட்டு விரியும்னு. உன் நோட்டை நானே பொரட்டிப் பாத்தேன், கோழி கிண்டுன எழுத்தானாலும் எண்ணு தெரிஞ்சுச்சு. எஃகுன்னா ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமாரா 12 மைக்ரான்.

இப்பக் கணக்குப் போடு. கடைஞ்ச சூட்டுல உன் ஃபிளான்ஜ் 20 டிகிரி கூடுதலா இருந்துச்சுன்னு வை. 12-ஐ 20-ஆல பெருக்கு, 240. உன்னுது ஒரு மீட்டர் இல்லை, அதுல பத்துல ஒண்ணு. அப்ப 24 மைக்ரான், அதாவது 0.024 மில்லிமீட்டர். உனக்குக் குடுத்த 0.02 பூராத்தையும் சூடே தின்னுட்டு, அதுக்கு மேல 4 மைக்ரான் கடனும் வச்சுட்டுப் போயிருச்சு. நீளம் அளக்குறதுக்குன்னு உலகம் பூரா ஒத்துக்கிட்ட வெப்பநிலை 20 டிகிரின்னு நீதான் சொன்னே. சித்திரையில நம்ம ஊர்ல நெழலே நாப்பதைத் தொடும். உன் கைச்சூடு பட்டா அந்த மைக்ரோமீட்டரே கொஞ்சம் விரியும். இத்தனைக்கும் நடுவுல நின்னுக்கிட்டு நீ நூறுன்னு நம்பிட்டே.

அந்தக் காலத்துல நம்ம கொல்லர் பட்டறையில கட்டைவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுறதை நீ பாத்ததில்லை. இரும்பு வளையத்தைச் சக்கரத்தைவிட ஒரு நூல் சின்னதாவே செஞ்சுக்குவாங்க. வரட்டியை அடுக்கி அதைப் பழுக்கக் காச்சி, ரெண்டு பேரு குறட்டால புடிச்சுச் சக்கரத்து மேல எறக்குவாங்க. மரம் பொகையும். ஒடனே தண்ணியை ஊத்துவாங்க. சுருங்கி ஒரு கடி கடிச்சுச்சுன்னா வருஷக்கணக்குல கழலாது. எம்புட்டுச் சின்னதா அடிக்கணுங்கிறது அந்த மனுஷனுக்கு விரல்ல இருந்துச்சு. உன் ஃபோர்மேனுக்கும் விரல்ல இருக்கு, ஆனா 12 மைக்ரான்னு சொல்ல வராது. வாத்தியாருக்கு 12 மைக்ரான் தெரியும், ஆனா மூலையில கெடக்குற அந்த ஃபிளான்ஜை அவரு பாத்ததில்லை. ரெண்டையும் ஒரே நாள்ல பாக்குற ஆளு இந்தச் சுத்து வட்டாரத்துல நீ ஒருத்தந்தான். நீயோ ஒருத்தர்கிட்ட வீட்ல வேலைங்கிறே, இன்னொருத்தர்கிட்ட பஸ் லேட்டுங்கிறே.

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு என்ன பண்ணப் போறேன்னு கேட்டா, காசு குடுத்தா பைண்டிங்கோட வாங்கிக்கலாம் அய்யாங்கிறே. பொங்கப் பானைகூட நாமளா தட்டிப் பாத்துத்தான்டா வாங்குறோம். அந்த ஃபிளான்ஜையே எடு. கடைஞ்ச ஒடனே ஒரு அளவு, பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணு, அரை மணி கழிச்சு ஒண்ணு, மறுநாள் காலையில ஆறிப்போனப்ப ஒண்ணு. சூட்டையும் பக்கத்துலயே எழுது. சித்திரையில ஒரு தடவை, மார்கழியில ஒரு தடவை. எத்தனை டிகிரிக்கு எத்தனை மைக்ரான் கழிக்கணும்னு ஒரு அட்டையில போட்டு லேத்து மேல ஒட்டு. பட்டறையில கழிவு கொறையும், ஃபோர்மேனுக்கு மேல இருந்து வர்ற திட்டும் கொறையும். வாத்தியாருக்கு எங்கேயும் காப்பியடிக்காத ஒரு ப்ராஜெக்ட் கெடைக்கும், பாவம், அதைப் பாத்து அவருக்கு எத்தனை வருஷமாச்சோ. ஒரே ஒழைப்புக்கு ரெண்டு எடத்துல கூலி வாங்குறவனைத்தான் இந்தச் சீமையில கெட்டிக்காரன்னு சொல்லுவாங்க.

மத்ததெல்லாம் சில்லறைச் சமாச்சாரம். பரீட்சைத் தேதி வந்த அன்னைக்கே ஒரு நகலைப் பட்டறையில குடு. முந்தின நாள் சாயங்காலம் போய் "நாளைக்குப் பரீட்சை சார்"னு நிக்காதே. உன் ஷிப்ட் மாறுற சீட்டை வாத்தியார்கிட்டக் குடு. பல்கலைக்கழகம் 75 சதவீத வருகை கேக்குது. ஒடம்பு முடியலைன்னு டாக்டர் சீட்டு காட்டினா 65 வரைக்கும் எறங்கி வரும். அந்தப் பத்தை மெய்யான காய்ச்சலுக்கு வச்சுக்கோ. போன மாசம் உனக்கு வந்த காய்ச்சல் சேப்பாக்கத்துல இருபது ஓவரோட எறங்கிருச்சு, எனக்குத் தெரியும்.

ஆவணியும் தையும் வந்தா கல்யாணத்துக்கு உங்கப்பனை அனுப்பு, மொய் எழுதுறதுக்கு பி.இ. வேண்டியதில்லை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாயைப் போட்டுப் படு. இதுல மட்டும் நான் வெளையாடலைப்பு: வகுப்பு முடிஞ்சு ராத்திரியில கண்ணு சொக்குச்சுன்னா வண்டியை ஓரங்கட்டிட்டு ஒரு டீ குடி, இல்லை எனக்கு ஒரு போனைப் போடு, உங்கப்பனை அனுப்புறேன். லேத்துல அசந்தா விரலோட போகும். ரோட்டுல அப்படி இல்லை.

அப்புறம், உன் வகுப்புல ஒரு பிள்ளை, கைக்குழந்தையை மாமியார்கிட்ட விட்டுட்டு வருதுன்னு சொன்னியே, அது எத்தனை அரியர் வச்சுருக்கு? ஒண்ணும் இல்லையா. நீ? கைவிரலை நீட்டாதே, நான் எண்ணமாட்டேன்.

ப்ராஜெக்ட் புத்தகத்துல நன்றின்னு ஒரு பக்கம் போடுவாங்கள்ல, அதுல ஃபோர்மேன் பேரைப் போடு. முதலாளி பேருக்கு மேல போட்டுறாதே, ஆனா ரொம்பக் கீழயும் தள்ளாதே. பைண்ட் பண்ணின ஒடனே ஒரு பிரதியை அவரு மேசையில கொண்டு போய் வை. அதுக்கப்புறம் நாலே முக்காலுக்கு "என்னடா இன்னும் கெளம்பலையா"ன்னு அவரே விரட்டுறாரா இல்லையான்னு பாரு. ஒண்ணே ஒண்ணு கவனம். இனிஷியல். நம்ம பக்கத்துல பேருல ஒரு எழுத்துத் தப்பினாக்கூடப் பொறுத்துக்குவாங்க, விலாசத்துல, அதான் அந்த இனிஷியல்ல, ஒரு எழுத்து விட்டுப்போச்சுன்னா பேத்தி கல்யாணம் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. இந்தத் தெருவுல ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் பாரு, நாலு எழுத்து, அஞ்சு எழுத்துன்னு நிக்கும். அதனால நாளைக்குக் காலையிலயே அவருகிட்டப் போய், "சார், உங்க இனிஷியல் முழுசாச் சொல்லுங்க சார்"னு கேளு. எதுக்குடான்னு கேப்பாரு. அப்பச் சொல்லித்தானே ஆகணும்.